மடுவத்தில் ‘வெயிட்.நெட்’: ஒரே பேக்கேஜ் இரண்டு முறை ஏறிய கதை

திங்கட்கிழமை காலை நிறுவை முடிந்த கையோடு எங்கள் கொழுந்து நிறுவைச் செயலியைப் பயன்படுத்தும், டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அங்கே கணக்கப்பிள்ளை. “தம்பி, ஃபோன்ல தமிழ் பாதி போயிருச்சு. மேல பேரெல்லாம் சரியா இருக்கு. எடை போடுற எடத்துல மட்டும் இங்கிலீஷ்ல புள்ளி வச்சு என்னமோ வருது.”

ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். ‘தேறிய எடை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வெயிட்.நெட்’. ‘சாக்குக் கழிவு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘வெயிட்.சேக்’. மொழிபெயர்ப்புக் கோப்பில் நாங்கள் வைத்த சாவிப் பெயர்கள், மொழிபெயராமல் அப்படியே திரைக்கு வந்திருந்தன.

வெளியே இருந்து பார்த்தால் சின்ன அழகுக் குறை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அது சின்ன விஷயம் இல்லை. கொழுந்து பறித்துச் சுமந்து வந்த பெண் தராசையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்ப்பார். சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், கடைசியில் தன் பேருக்கு எத்தனை கிலோ ஏறியது என்று அவருக்குத் தெரிய வேண்டும். எடையில் ஏமாற்றுகிறார்கள் என்ற பேச்சு மலையகத்தில் எவ்வளவு பழையது என்று இங்கே பிறந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் இந்தச் செயலியே எழுதப்பட்டது. அன்றைக்குக் கழிவு எது, தேறியது எது என்று திரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. கணக்கப்பிள்ளை பழையபடி கொப்பியை எடுத்துவிட்டார்.

ஹட்டனில் ஒரு கடைக்கு மேல் மாடியில் மூன்று பேர் இருந்து எழுதும் செயலி இது. திரையை வரைய ரியாக்ட் 18, கட்டுவதற்கு வீட், பயன்படுத்துபவர்களுக்கு மூன்று மொழிகள். மொழிமாற்றத்துக்கு ஐ18நெக்ஸ்ட், அதை ரியாக்ட்டுடன் இணைக்க ரியாக்ட்-ஐ18நெக்ஸ்ட். எடை அட்டை, எண் பலகை, மொழிப் பொத்தான் போன்ற துண்டுகளைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்து வைத்திருந்தோம், வேறு இரண்டு வேலைகளுக்கும் அவை தேவைப்பட்டதால். இந்தக் கட்டுரை முழுக்க அதைத் ‘துண்டுப் பேக்கேஜ்’ என்றே சொல்கிறேன். கோளாறு அதற்குள்ளே இருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் போனது.

தவறான இடங்களில் தேடியது

முதல் சந்தேகம் மொழிபெயர்ப்புக் கோப்பின் மேல். திறந்து பார்த்தேன், சாவிகள் எல்லாம் இருந்தன, தமிழும் இருந்தது. இரண்டாவது சந்தேகம், கோப்புகளை ஃபோனில் சேமித்து வைக்கும் சர்வீஸ் வேர்க்கர் மேல். மலையில் சிக்னல் வரும், போகும். அதனால் செயலி எல்லாவற்றையும் ஃபோனிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். பழைய கோப்பு சிக்கிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்து, கணக்கப்பிள்ளையிடம் செயலியின் தரவை அழித்துவிட்டுத் திரும்பத் திறக்கச் சொல்ல வாய் திறந்தேன். ஏதோ உறுத்த, “ஐயா, காலை நிறுவை சேர்வருக்கு ஏறிருச்சா?” என்று கேட்டேன். “எங்க தம்பி, இங்க டேட்டா சரியாக் கெடைக்கல, கோயில் மேட்டுக்குப் போனாத்தான்” என்றார். அழிக்கச் சொல்லியிருந்தால் ஒரு முழு டிவிஷனின் காலைக் கொழுந்து போயிருக்கும். வலைச் செயலிகளில் ‘தரவை அழித்துப் பாருங்கள்’ என்பதை முதல் வைத்தியமாகச் சொல்லும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

என் லெப்டொப்பில் தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். எல்லாம் சரி. எங்களுடன் வேலை செய்யும் தம்பி அவருடைய லெப்டொப்பில் பார்த்தார். “அண்ணே, இங்கயும் சரியாத்தான் இருக்கு.” இரண்டு பேரும் பார்த்தது உண்மை. இரண்டு பேருக்கும் சரியாகத் தெரிந்ததற்குக் காரணங்கள்தான் வேறு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் தோட்டத்துக்கே போனேன், கையில் லெப்டொப்பும் ஒரு யுஎஸ்பி வயரும். ஃபோனை இணைத்துக் குரோமின் தொலை ஆய்வுப் பக்கத்தில் கொன்சோலைத் திறந்ததும் மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை நின்றது. இனிட்-ரியாக்ட்-ஐ18நெக்ஸ்ட் வழியாக ஓர் ஐ18நெக்ஸ்ட் இன்ஸ்டன்ஸை (மொழிபெயர்ப்புகளை ஏற்றித் தயாராக வைத்த பொருள்) கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது.

கொடுத்திருக்கிறோமே! செயலி தொடங்கும் கோப்பில் அந்த வரி இருக்கிறது. அது இல்லாவிட்டால் மேலே பேர்ப் பட்டியல் எப்படித் தமிழில் வரும்? பாதித் திரைக்குக் கேட்டிருக்கிறது, பாதிக்குக் கேட்கவில்லை. அப்படியானால் கேட்பவர்கள் இரண்டு பேர்.

ஒரே பெயர், இரண்டு ஆள்

தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அதனால்தான் தொழிலாளர் பேர்ப் பதிவான செக்ரோலில் ஆளுக்கு ஒரு நம்பர். ஜாவாஸ்கிரிப்டும் பேக்கேஜைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. நோட் ஆகட்டும், வீட் போன்ற கட்டும் கருவிகள் ஆகட்டும், ஒரு மொட்யூலை (நிரல் கோப்பை) அதன் கோப்புப் பாதையைக் கொண்டுதான் அறிகின்றன. ஒரே பேக்கேஜ், ஒரே பதிப்பு, ஆனால் இரண்டு கோப்புறைகளில் கிடந்தால் அவை இரண்டு மொட்யூல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவு, தனி மாறிகள்.

ரியாக்ட்-ஐ18நெக்ஸ்ட் தனக்குக் கொடுக்கப்படும் இன்ஸ்டன்ஸைத் தன் மொட்யூலுக்குள்ளே ஒரு மாறியில் வைத்துக்கொள்கிறது. திரைத் துண்டு மொழிபெயர்ப்புக் கேட்க அழைக்கும் யூஸ்-டிரான்ஸ்லேஷன் ஹூக், முதலில் கொன்டெக்ஸ்டை (ரியாக்ட் மேலிருந்து கீழே பகிரும் தகவலை) பார்க்கும். அங்கே இல்லாவிட்டால் அந்த மாறியைப் பார்க்கும். முதல் பிரதியின் மாறியை நாங்கள் நிரப்பினோம். இரண்டாவது பிரதியின் மாறி காலி. காலியாக இருந்தால் அது செயலியை உடைத்துப் போடாது. ஒரு தடவை எச்சரித்துவிட்டு, கேட்ட சாவியையே பதிலாகத் திருப்பித் தரும். அழைக்கும்போது இயல்புச் சொல் (மொழிபெயர்ப்புக் கிடைக்காவிட்டால் காட்ட வேண்டியது) ஒன்றைக் கொடுத்திருந்தால் அதைத் தரும்.

அந்தக் கடைசி வரிதான் தம்பியின் திரையைச் சரியாகக் காட்டியது. அவர் ஆங்கிலத்தில் சோதித்தார். எண் பலகை எழுதிய காலத்தில் பல இடங்களில் ஆங்கிலச் சொல்லை இயல்புச் சொல்லாகக் கொடுத்திருந்தோம். அந்தப் பகுதிகள் மொழிபெயர்ப்பே இல்லாமல் அழகான ஆங்கிலத்தில் தெரிந்தன. எடை அட்டையில் இயல்புச் சொல் இல்லை. அவர் அந்தத் திரை வரைக்கும் போகவில்லை. ஆங்கிலத்தில் சோதிப்பவருக்குக் கண்ணில் படாத கோளாறு தமிழிலும் சிங்களத்திலும் வேலை செய்பவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. இது எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. மூன்று பேரும் வீட்டில் தமிழ் பேசுபவர்கள், கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ஆங்கிலம்.

சரி, இரண்டாவது பிரதி எங்கிருந்து வந்தது? தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பு என்று எழுதி வைக்கும் லொக் கோப்பின்படி புதிதாக நிறுவிய கோப்புறையில், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம்மின் ‘என்பிஎம் எல்எஸ்’ கட்டளையை ரியாக்ட்-ஐ18நெக்ஸ்ட் என்ற பெயரோடு ஓட்டினேன். சுருக்கினால் இப்படி:

எங்கள் செயலி
├─ ரியாக்ட்-ஐ18நெக்ஸ்ட் 13
└─ துண்டுப் பேக்கேஜ்
   └─ ரியாக்ட்-ஐ18நெக்ஸ்ட் 12

முந்தைய வாரம் தம்பி செயலியின் பழைய பேக்கேஜ்களைப் புதுப்பித்திருந்தார். செயலிக்குத் தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசனில் ^12 என்று இருந்தது ^13 ஆனது. துண்டுப் பேக்கேஜின் பேக்கேஜ்.ஜேசனில், டிபென்டன்சீஸ் பகுதியில், ^12 அப்படியே இருந்தது. கெரட் (^) குறி முதல் எண்ணைத் தாண்ட விடாது: ^12 என்றால் 12-இல் தொடங்கி 13-க்குக் கீழே. இரண்டு வேலிகளுக்கும் பொதுவாக ஒரு பதிப்பும் கிடையாது. அதனால் என்பிஎம் 13-ஐ மேலே வைத்து, 12-ஐத் துண்டுப் பேக்கேஜுக்கு உள்ளே தனியாக ஒரு நோட் மொட்யூல்ஸ் கோப்புறை (நிறுவிய பேக்கேஜ்கள் கிடக்கும் இடம்) போட்டு வைத்தது. ஐ18நெக்ஸ்ட் மட்டும் ஒன்றாகவே இருந்தது. 12 அதைப் பியர் டிபென்டன்சியாகத்தான் (தனக்கென்று கொண்டு வராமல், செயலியில் இருப்பதையே பயன்படுத்தும் வகையில்) கேட்கிறது, 19-க்கு மேல் எதுவானாலும் சரி என்று. ஆக நிறுவும்போது ஒரு சத்தமும் இல்லை.

இதில் என்பிஎம் ஒரு தவறும் செய்யவில்லை. 2015-இல் வந்த மூன்றாம் பதிப்புக்கு முன்னால் அது ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அதன் தேவைகளை உள்ளே உள்ளே அடுக்கிக்கொண்டே போகும். ஒரே சாமான் பத்து இடத்தில் கிடக்கும், விண்டோஸில் பாதை நீளம் எல்லை தாண்டிப் போகும். மூன்றாம் பதிப்பில் இருந்து முடிந்தவரை எல்லாவற்றையும் மேல் தட்டில் பரப்புகிறது. ஒத்துவராததை மட்டும் உள்ளே வைக்கிறது. இரண்டு பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வாழலாம் என்பது இந்த ஏற்பாட்டின் பலம். நினைவு வைத்துக்கொள்ளாத சாமான்களுக்கு அது நல்லது. நினைவு வைத்துக்கொள்ளும் சாமானுக்குத்தான் அடி விழுகிறது.

என் லெப்டொப்பில் ஏன் சரியாகத் தெரிந்தது? தம்பியின் மாற்றங்களை நான் இழுத்து எடுத்திருந்தேன். பேக்கேஜ்.ஜேசன் மாறியது, லொக் கோப்பு மாறியது, ஆனால் நான் திரும்ப நிறுவவில்லை. டொங்கிள் டேட்டாவைச் சேமிக்கும் பழக்கம். என் நோட் மொட்யூல்ஸில் பழைய 12 ஒன்று மட்டும் இருந்தது, எல்லாம் ஓடியது. வெளியீட்டைக் கட்டும் கணினி ‘என்பிஎம் சிஐ’ ஓட்டுகிறது. அது நோட் மொட்யூல்ஸை முழுக்க அழித்துவிட்டு லொக் கோப்பில் உள்ளதையே வைக்கும். மடுவத்துக்குப் போனது அந்தக் கட்டு.

மருந்துகள், ஒழுங்கில்லாமல்

முதலில் ‘என்பிஎம் டிடூப்’ ஓட்டினேன். பேரே நகல்களை நீக்கு என்றுதானே சொல்கிறது. நம்முடைய இரண்டில் ஒன்றும் அசையவில்லை. டிடூப் என்ன செய்யும் என்று யோசித்தால் இது புரியும்: இரண்டு வேலிகளுக்கும் பொதுவான ஒரு பதிப்பு இருந்தால் மட்டும் அதை மேலே ஏற்றி உள்ளே இருப்பதைத் தூக்கும். ^13-க்கும் ^12-க்கும் பொதுவானது எதுவும் இல்லை. அதே காரணத்தால் ‘என்பிஎம் ஃபைண்ட்-டூப்ஸ்’ கட்டளையும் இதைக் காட்டாது. டிடூப் சேர்க்கக்கூடியவற்றை மட்டுமே அது சொல்லும். அந்தக் கட்டளை வெறுமையாகத் திரும்பினால் நகல் இல்லை என்று அர்த்தம் இல்லை. இதை நான் முன்னமே தெரிந்து வைத்திருக்கவில்லை.

லொக் கோப்பை அழித்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். கெரட் போட்ட ஒவ்வொரு பேக்கேஜும் ஒரே மூச்சில் நகரும், நகல் அப்போதும் இருக்கும், மேலே பத்துப் புதுச் சந்தேகங்கள் சேரும். செக்ரோலில் ஒரு பேர் தப்பாக ஏறியிருந்தால் அந்தப் பேரைத் திருத்துவோம். புத்தகத்தை அடுப்பில் போட மாட்டோம்.

தோட்டத்துக்குச் சாயந்தர நிறுவைக்குள் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஓவர்ரைட்ஸ் உதவியது. என்பிஎம் 8.3-இல் வந்த வசதி. என்பிஎம் போன்ற இன்னொரு கருவியான யார்னில் ரெசொல்யூஷன்ஸ் என்று அதற்கு முன்பே இருந்தது. செயலியின் பேக்கேஜ்.ஜேசனில் ஓவர்ரைட்ஸ் பகுதி ஒன்று போட்டு, ரியாக்ட்-ஐ18நெக்ஸ்ட்டுக்கு எதிரே டொலர் குறியும் அதே பெயரும் எழுதினால், யார் எந்தப் பதிப்பைக் கேட்டாலும் செயலி நேரடியாக வைத்திருப்பதையே கொடு என்று பொருள். துண்டுப் பேக்கேஜ் 13-உடன் ஓடுகிறதா என்று அதன் ஒவ்வொரு திரையையும் மூன்று மொழியிலும் திறந்து பார்த்தோம். ஓடியது. புதிய கட்டு போனது. நாலு மணி நிறுவையில் ‘தேறிய எடை’ திரும்ப வந்தது.

ஓவர்ரைட்ஸ் ஒரு கட்டுத்துணி. துண்டுப் பேக்கேஜ் 12 வேண்டும் என்று எழுதியிருக்கிறது, நாம் வாயை மூடு என்று சொல்லி 13-ஐக் கொடுக்கிறோம். நாளைக்கு 13-இல் இல்லாத எதையாவது அது அழைத்தால் எச்சரிக்க யாரும் இல்லை. இன்னொன்று, ஓவர்ரைட்ஸ் தலைச் செயலியின் பேக்கேஜ்.ஜேசனில் இருந்தால் மட்டும்தான் செல்லும். துண்டுப் பேக்கேஜுக்குள் எழுதினால் கணக்கில் எடுக்கப்படாது. அதே பேக்கேஜைப் பயன்படுத்தும் மற்ற இரண்டு வேலைகளும் எப்போது வேண்டுமானாலும் இதே குழியில் விழலாம்.

உண்மையான தவறு துண்டுப் பேக்கேஜில், அதை எழுதிய அன்று செய்தது. எழுதியது நான். ரியாக்ட், ஐ18நெக்ஸ்ட், ரியாக்ட்-ஐ18நெக்ஸ்ட் மூன்றையும் டிபென்டன்சீஸ் பகுதியில் போட்டிருந்தேன். டிபென்டன்சீஸ் என்றால் ‘இது எனக்கு வேண்டும், கிடைக்காவிட்டால் எனக்கென்று தனியாக ஒன்று கொண்டு வா’ என்று அர்த்தம். பியர் டிபென்டன்சீஸ் என்றால் ‘நான் குடிவரும் வீட்டில் இது இருக்க வேண்டும், அந்த ஒன்றையே நானும் பயன்படுத்துவேன்’. மொழியையும் திரையையும் வீட்டோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய ஒரு பேக்கேஜ் அவற்றைத் தனியாகச் சமைத்துச் சாப்பிடக் கூடாது. மூன்றையும் பியருக்கு மாற்றினேன், ரியாக்ட்-ஐ18நெக்ஸ்ட்டுக்கு ^12 || ^13 என்ற வேலியோடு. துண்டுப் பேக்கேஜின் சொந்தச் சோதனைகளுக்காக டெவ் டிபென்டன்சீஸிலும் அவற்றை வைத்தேன்.

இப்போது யாராவது செயலியை 14-க்கு ஏற்றினால் என்பிஎம் நிறுவவே மறுக்கும். 2020-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அது பியர் முரண்பாட்டைப் பிழையாகவே எடுத்துக்கொள்கிறது. சிவப்பில் நீளமாக ஒரு செய்தி வரும், அதிலேயே ‘லெகசி-பியர்-டெப்ஸ்’ என்ற தப்பிக்கும் வழியும் எழுதியிருக்கும். தம்பியிடம் அந்த வழியைத் தொடுவதற்கு முன் என்னை எழுப்பு, ராத்திரியானாலும் பரவாயில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த நாளே வந்த அண்ணன்காரன்

இதோடு முடிந்ததென்று நினைத்தோம். தம்பி துண்டுப் பேக்கேஜை ‘என்பிஎம் லிங்க்’ மூலம் தன் செயலியோடு இணைத்து வேலை செய்யத் தொடங்கினார். திரை வெள்ளையாக நின்றது. ஹூக் அழைப்பு செல்லாது, நல்-இலிருந்து யூஸ்-ஸ்டேட்டைப் படிக்க முடியாது என்று சிவப்பு வரிகள்.

இது அதே நோய்தான், இந்தத் தடவை ரியாக்ட்டுக்கு. ஹூக்குகள் 2019-இல் ரியாக்ட் 16.8-இல் வந்தவை. உலாவியில் திரையை வரையும் ரியாக்ட்-டொம் ஒரு துண்டை வரையத் தொடங்கும்போது, ரியாக்ட்டுக்குள் இருக்கும் ஒரு பொது இடத்தில் ‘இப்போது ஹூக்குகளுக்குப் பதில் சொல்பவர் இவர்’ என்று எழுதி வைக்கும். துண்டு வேறு ரியாக்ட் பிரதியிடம் யூஸ்-ஸ்டேட் கேட்டால் அங்கே அந்த இடம் காலி. லிங்க் என்பது வெறும் குறியிணைப்பு. வீட் அதன் உண்மைப் பாதையைப் பின்தொடர்ந்து போய், துண்டுப் பேக்கேஜின் கோப்புறையிலேயே இருக்கும் நோட் மொட்யூல்ஸைப் பார்க்கிறது. நான் டெவ் டிபென்டன்சீஸில் வைத்த ரியாக்ட் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

வீட் அமைப்புக் கோப்பில் ரிசொல்வ் பகுதியின் கீழ் டிடூப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ரியாக்ட், ரியாக்ட்-டொம், ரியாக்ட்-ஐ18நெக்ஸ்ட் என்று எழுதினால் எங்கிருந்து கேட்டாலும் செயலியின் வேரில் உள்ள பிரதியே கிடைக்கும். அதைப் போட்டோம். பெரிய மாற்றங்களைச் சோதிக்கும்போது லிங்க் செய்யாமல், ‘என்பிஎம் பேக்’ கொடுத்து வரும் சுருட்டிய கோப்பையே நிறுவிப் பார்க்கிறோம். மடுவத்துக்குப் போகும் உருவத்துக்கு அதுதான் கிட்ட இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ரியாக்ட்டின் பிழை ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது, ஏனென்றால் அது திரையையே கவிழ்த்தது. மொழிப் பேக்கேஜ் நாகரிகமாக நடந்துகொண்டதால் இரண்டு நாள் போனது.

எல்லா நகலையும் துரத்தவில்லை

லொக் கோப்பை எண்ணிப் பார்த்தால் இன்னும் பல பேக்கேஜ்கள் இரண்டு பதிப்புகளில் இருக்கின்றன. தம்பிக்கு அத்தனையையும் ஒன்றாக்கிவிடும் ஆசை. நான் விடவில்லை. எழுத்தை வெட்டித் திருப்பித் தரும் சின்னப் பேக்கேஜ் இரண்டாக இருந்தால் சில கிலோபைட் கூடும், அவ்வளவுதான். அதை ஒன்றாக்க ஓவர்ரைட்ஸ் போட்டு அதைக் கேட்டவரின் கையை முறுக்குவது அதைவிட ஆபத்து. நினைவு வைத்துக்கொள்பவை வேறு கதை: ரியாக்ட், மொழி, கொன்டெக்ஸ்ட் வைத்து ஓடும் எதுவும், செயலியின் நிலையைச் சேமிக்கும் ஸ்டோர்கள். சேர்வரிடம் தரவு கேட்க உதவும் கிராஃப்க்யூஎல் பேக்கேஜ், வேறு பிரதியில் செய்த ஸ்கீமாவை (தரவின் வடிவ விளக்கத்தை) பார்த்தால் தானே பிழை எறிந்து நிறுத்திவிடும், நல்ல பழக்கம்.

அளவு பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கட்டிய கோப்பையே ஒரு காட்சிக் கருவியில் திறந்து பார்ப்பது நல்லது. என்பிஎம் எல்எஸ் கோப்புறைகளை மட்டும்தான் பார்க்கும். ஒரு பேக்கேஜை எழுதியவர் ரியாக்ட்டைத் தன் கோப்புக்குள்ளேயே குழைத்துக் கட்டியிருந்தால் மரத்தில் ஒன்றும் தெரியாது. பொதுப் பயன்பாட்டுப் பேக்கேஜான லோடேஷும் அதன் இன்னொரு வடிவமான லோடேஷ்-ஈஎஸ்ஸும் பெயரிலேயே இரண்டு, எந்தக் கட்டளையும் அவற்றைச் சேர்க்காது. இன்னும் நுணுக்கமானது, வட்டில் ஒரே பிரதி, ஆனால் ஒரு பக்கம் இம்போர்ட் வழியாகவும் இன்னொரு பக்கம் ரிக்வயர் வழியாகவும் (ஜாவாஸ்கிரிப்ட்டில் மொட்யூலை ஏற்றும் இரண்டு முறைகள்) ஏறி இரண்டாகி நிற்பது. எங்களுக்கு அது வரவில்லை, அதனால் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

காவலுக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம். இப்போதைய லொக் கோப்பில் பேக்கேஜஸ் என்ற பகுதியில் ஒவ்வொரு பிரதியும் அதன் கோப்புறைப் பாதையோடு ஒரு வரி. எங்களுக்கு முக்கியமான ஐந்து பெயர்களில் முடியும் பாதைகளை எண்ணுகிறது. எதற்காவது ஒன்றுக்கு மேல் வந்தால் கட்டும் வேலை நின்றுவிடும். பத்துப் பன்னிரண்டு வரிதான். அதோடு, சோதனைக் கணினியில் செயலி திறக்கும் மொழியைத் தமிழாக்கி, எல்லா இயல்புச் சொற்களையும் எடுத்துவிட்டோம். சாவி தெரிந்தால் அது எங்கள் கண்ணிலேயே முதலில் படட்டும்.

மூன்றாவது வேலை இன்னும் பழைய துண்டுப் பேக்கேஜோடுதான் ஓடுகிறது. அது ஓடும் தோட்டத்தில் கொழுந்து கொட்டும் நேரம். இப்போது எதையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே ஓவர்ரைட்ஸ் இருக்கிறது. ஜேசன் வடிவத்தில் குறிப்புரைக்கு என்று தனி வசதி இல்லை என்பதால், அது ஏன் அங்கே இருக்கிறது, எப்போது எடுக்கலாம் என்று மேசைக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறோம், தம்பியின் கையெழுத்தில்.